கருந்துளைக்கு உள் உண்டா?

கருந்துளையின் விளிம்பில் சுவர் இல்லை, தொட்டுப் பார்க்க ஒரு பரப்பும் இல்லை. அதைத் தாண்டினால் ஒளிகூடத் திரும்ப முடியாது என்ற எல்லை மட்டும் உண்டு. அதற்கு நிகழ்வெல்லை என்று பெயர். சூரியனைக் கருந்துளையாகும்வரை அமுக்கினால் அந்த எல்லையின் ஆரம் சுமார் 3 கிலோமீட்டர். பூமியை அமுக்கினால் 9 மில்லிமீட்டர், அதாவது ஒரு கோலிக்குண்டு அளவு.

குஜிலியம்பாறைப் பக்கத்து மானாவாரிக் காட்டில் ஒரு பழைய கிணறு எண்பது அடி ஆழம் என்று வைத்துக்கொள்ளலாம். மேலிருந்து போட்ட கல் தண்ணீரில் விழும் சத்தம் இரண்டேகால் நொடியில் காதுக்கு வந்துவிடும். கிணற்றின் உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு அந்தச் சத்தம் சாட்சி. கருந்துளையில் அந்தச் சாட்சி கிடையாது. கல் விளிம்பைத் தாண்டும் காட்சிகூட வெளியே நிற்பவருக்குக் கிடைக்காது. அது மெதுவாகி, சிவந்து, மங்கி, விளிம்பிலேயே உறைந்தாற்போல் மறைந்துபோகும். கல்லோடு சேர்ந்து விழுபவருக்கோ, கருந்துளை போதிய அளவு பெரிதாக இருந்தால், விளிம்பைத் தாண்டியதே தெரியாது. உள்ளே நுழைந்தபின் மையம் என்பது ஓர் இடமாக இருக்காது. தவிர்க்க முடியாத ஒரு நாளைய பொழுதாகிவிடும். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலில் இந்த இரண்டு கணக்குகளும் ஒன்றோடொன்று மோதாமல் நிற்கின்றன. குவாண்டம் கொள்கையைக் கொண்டுவந்து சேர்த்த பிறகுதான் மோதல் தொடங்கியது.

கருந்துளை ஆய்வின் முதல் ஐம்பதாண்டுக் கதையில் இந்தியர்களின் பங்கு பெரிது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930 ஜூலையில் பம்பாயிலிருந்து கப்பலேறியபோது அவருக்கு வயது 19. எரிபொருள் தீர்ந்த விண்மீன் ஓரளவு நிறைக்கு மேல் தன்னைத் தாங்கிக்கொள்ள முடியாது என்று அந்தப் பயணத்தில் அவர் போட்ட கணக்குதான், இன்று சூரிய நிறையைப்போல் 1.4 மடங்கு என்று சொல்லப்படும் சந்திரசேகர் வரம்பாக நிலைத்தது. 1955இல் கல்கத்தாவில் அமல் குமார் ராய்சவுத்ரி எழுதிய சமன்பாடு, உள்ளே விழும் பாதைகள் எல்லாம் ஒன்றை நோக்கிக் குவியும் என்று காட்டியது. கருந்துளைக்குள் அந்தக் குவிதலுக்குத் தப்ப வழியில்லை என்று பென்ரோஸ் 1965இல் நிறுவிய தேற்றத்துக்கு அந்தச் சமன்பாடு ஓர் அடித்தளம். 1970இல் சி. வி. விஸ்வேஸ்வரா கருந்துளையைத் தட்டினால் அது மணியைப்போல் ஒலித்து அடங்கும் என்று கணக்கிட்டார். 2015 செப்டம்பர் 14 அன்று லைகோ கருவிகள் பிடித்த ஈர்ப்பலையின் கடைசிப் பகுதி அப்படித்தான் அடங்கியது.

விஸ்வேஸ்வராவின் முடிவில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. எதை விழுங்கினாலும் கொஞ்ச நேரத்தில் கருந்துளை வழவழப்பாகிவிடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் நிறை, மின்னேற்றம், சுழற்சி ஆகிய மூன்று எண்கள்தாம் மிஞ்சும். விழுந்தது பஞ்சு மூட்டையா இரும்புக் கட்டியா என்று அந்த மூன்று எண்கள் சொல்லாது. உள்ளே பத்திரமாக இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளும்வரை இதில் தொல்லை இல்லை.

1972–73இல் ஜேக்கப் பெக்கன்ஸ்டீன் கருந்துளைக்கு என்ட்ரோபி உண்டு, அது எல்லையின் பரப்பளவுக்கு ஏற்ப அமையும் என்றார். என்ட்ரோபி என்பது, வெளியே ஒரே மாதிரி தெரியும் ஒரு பொருளுக்குள் எத்தனை விதமான நுண் அமைப்புகள் இருக்கலாம் என்ற எண்ணிக்கையின் மடக்கை. சூரியனின் என்ட்ரோபியை 10ன் 58ஆம் படி என்று கொண்டால், அதே நிறையுள்ள கருந்துளைக்கு அது 10ன் 77ஆம் படி. கனஅளவைப் பொறுத்து அமையாமல் பரப்பைப் பொறுத்து அமைவதுதான் விசித்திரம். குடோனில் எத்தனை மூட்டை அடுக்கலாம் என்பதை அதன் சுவரின் சதுர அடியை வைத்துச் சொல்வதுபோல் இருக்கிறது. 1974இல் ஹாக்கிங் கருந்துளை வெப்பமாகக் கதிர்வீசும் என்று கண்டார். சூரிய நிறையுள்ள கருந்துளையின் வெப்பநிலை கெல்வினில் ஒரு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. அது வற்றித் தீர 10ன் 67ஆம் படி ஆண்டுகள் ஆகும். ஆனால் வற்றும் என்பது உறுதி.

வற்றிய பின் உள்ளே இருந்தது எங்கே? 1976இல் ஹாக்கிங் சொன்ன பதில்: அழிந்தது. இயற்பியல் உலகம் இதைக் கேட்டு ஏன் அதிர்ந்தது என்று புரிய, ‘தகவல்’ என்ற சொல்லை இங்கே எந்தப் பொருளில் ஆள்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஒரு நிலப் பத்திரத்தை அடுப்பில் போட்டால் எழுத்து போய்விட்டது என்போம். குவாண்டம் கொள்கை அப்படிச் சொல்லாது. சாம்பல், புகை, வெப்பம், ஒளி எல்லாவற்றையும் ஓர் அணுகூட விடாமல் சேகரித்துப் பின்னோக்கிக் கணக்கிட்டால் சர்வே எண்ணிலிருந்து சாட்சிக் கையெழுத்துவரை மீட்டுவிடலாம். நடைமுறையில் யாராலும் முடியாது, கொள்கையளவில் தடை இல்லை. முழுதாக அறியப்பட்ட தூய நிலை, காலம் ஓடினாலும் தூய நிலையாகவே இருக்கும். ஹாக்கிங்கின் கணக்கிலோ தூய நிலையில் தொடங்கிய விண்மீன், தன் பூர்வீகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாத கலப்பு நிலை வெப்பமாக முடிகிறது.

தூய நிலையைக் கலப்பு நிலைக்குக் கொண்டுபோகும் கணிதம் அதற்கு முன்பே இருந்தது. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த இ. சி. ஜி. சுதர்சன், சென்னைப் பல்கலைக்கழகத்தோடு நெடுங்காலம் தொடர்புடைய பி. எம். மேத்யூஸ், ஜெயசீதா ராவ் ஆகிய மூவரும் 1961இல் ‘பிசிக்கல் ரிவ்யூ’வில் வெளியிட்ட கட்டுரை, தனித்திருக்காத ஒரு குவாண்டம் அமைப்பு எப்படி மாறும் என்பதற்குப் பொதுவான விதியை எழுதியது. இன்று குவாண்டம் தகவலியலில் ‘சேனல்’ என்று சொல்லப்படும் கருத்துக்கு அது ஒரு முன்னோடி. அந்த விதிப்படி ஓர் அமைப்பு தன் தகவலை இழக்கலாம். இழந்தது சுற்றுப்புறத்துக்குப் போயிருக்கும். ஹாக்கிங் அதே வகை மாற்றத்தைப் பிரபஞ்சம் முழுமைக்கும் விதித்தார். பிரபஞ்சத்துக்குச் சுற்றுப்புறம் ஏது? 1984இல் பேங்க்ஸ், பெஸ்கின், சஸ்கிண்ட் ஆகியோர், இப்படி ஒரு விதியை அடிப்படையாக ஏற்றால் ஆற்றல் அழியாமைக்கே ஆபத்து என்று வாதிட்டார்கள். அப்போது அதை எல்லோரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை.

மோதலின் வேர் குவாண்டம் பிணைப்பில் இருக்கிறது. பிணைந்த இரண்டு துகள்களைச் சேர்த்துப் பார்த்தால் நிலை முழுதாகத் தெரியும். ஒன்றை மட்டும் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. ஹாக்கிங் கதிர்வீச்சு அப்படிப்பட்ட இணைகளால் ஆனது. வெளியே தப்பும் ஒவ்வொரு துளிக்கும் எல்லைக்கு உள்ளே ஓர் இணை உண்டு. வெளியே வருவது வெப்பமாகத் தெரிவதற்குக் காரணமே அதன் இணை கைக்கு எட்டாமல் போனதுதான். 1986இல் பாம்பெல்லி, ரபீந்தர் கௌல், லீ, சார்கின் ஆகியோர் கருந்துளையின் என்ட்ரோபியையே இந்தப் பிணைப்பிலிருந்து வருவித்துப் பார்த்தார்கள். பரப்பளவுக்கு ஏற்ற விடைதான் வந்தது.

இந்த இடத்தில் சென்னைத் தரமணியைச் சொல்லாமல் போக முடியாது. 1962இல் அல்லாடி ராமகிருஷ்ணன் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனத்திலிருந்து 2000ஆம் ஆண்டில் இரண்டு கட்டுரைகள் ‘பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்’ இதழின் ஒரே தொகுதியில், இரண்டு மாத இடைவெளியில் வந்தன. ஒன்றில் ஆர். சைமன், தொடர் மதிப்புகள் கொண்ட இரண்டு அலைப்பாங்குகள் பிணைந்திருக்கின்றனவா என்று அளந்து அறிய ஒரு சோதனையைத் தந்தார். ஹாக்கிங் இணைகள் சரியாக அந்த வகை. கருந்துளையைப் போல நடந்துகொள்ளும் திரவங்களிலும் ஒளியிழைகளிலும் பிணைப்பைத் தேடும் இன்றைய ஆய்வுகளுக்கு இத்தகைய அளவுகோல்தான் கருவி. இன்னொன்றில் ரொமேஷ் கௌல், பார்த்தசாரதி மஜும்தார் இருவரும் பெக்கன்ஸ்டீன் சூத்திரத்துக்கு அடுத்த நுண்திருத்தத்தை வளைய ஈர்ப்புக் கொள்கையிலிருந்து கணக்கிட்டார்கள். பரப்பின் மடக்கை, கெழு −3/2. சரக் கொள்கையாளர் அசோக் சென் 2012இல் வேறு வழியில் கணக்கிட்டபோது இதோடு ஒத்துவரவில்லை. சரக் கொள்கையும் வளையக் கொள்கையும் எண்ணளவில் நேருக்கு நேர் மோதும் இடங்கள் மிகச் சில. அவற்றில் இது ஒன்று.

1993இல் டான் பேஜ் எளிய கேள்வி ஒன்றைக் கேட்டார். தகவல் அழியாது என்று வைத்துக்கொண்டால், கதிர்வீச்சின் என்ட்ரோபி காலப்போக்கில் எப்படி மாற வேண்டும்? நன்றாகக் கலைத்த சீட்டுக்கட்டிலிருந்து ஒவ்வொரு சீட்டாக எடுப்பதுபோல், தொடக்கத்தில் வருவது எல்லாம் குப்பையாகவே தெரியும். ஏறத்தாழப் பாதி வெளியே வந்த பிறகு, புதிதாக வருவது ஏற்கெனவே வந்ததோடு பொருந்தத் தொடங்க வேண்டும். எனவே வரைகோடு ஏறி, உச்சி தொட்டு, பூச்சியத்துக்கு இறங்க வேண்டும். ஹாக்கிங்கின் கணக்கில் அது ஏறிக்கொண்டே போகிறது. பேஜ் காலம் எனப்படும் அந்த உச்சியில் கருந்துளை இன்னும் மிகப் பெரியதாகவே இருக்கும். மையத்தில் இருக்கும் அறியாத இயற்பியலின்மேல் பழியைப் போட அங்கே வழியில்லை. கேள்வியின் கூர்மை இதில்தான் இருக்கிறது.

டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் பயின்று பின்னர் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போன சமீர் மாத்தூர் 2009இல் ஒரு நப்பாசையை ஒழித்துக்கட்டினார். ஹாக்கிங்கின் கணக்கில் சிறுசிறு பிழைகள் இருக்கும், கோடிக்கணக்கான துகள்களில் அவை சேர்ந்து தகவலை வெளியே கொண்டுவந்துவிடும் என்று பலர் நம்பியிருந்தார்கள். குவாண்டம் தகவலியலின் சமனிலியொன்றை வைத்து, சிறு திருத்தங்கள் எத்தனை சேர்ந்தாலும் வரைகோட்டை இறக்காது என்று மாத்தூர் நிறுவினார். அவருடைய தீர்வு துணிச்சலானது: உள் என்பதே இல்லை. விண்மீன் சரங்களாலான ஒரு பந்தாகி எல்லையிலேயே நின்றுவிடுகிறது; அதை அவர் ஃபஸ்பால் என்றார். 2012இல் அல்மெய்ரி, மரோல்ஃப், போல்சின்ஸ்கி, சல்லி ஆகிய நால்வர் அதே முரணை மேலும் நெருக்கினார்கள். பிணைப்புக்கு ஒரு விதி உண்டு. ஒரு துகள் ஒன்றோடு முழுமையாகப் பிணைந்தால் இன்னொன்றோடு பிணைய முடியாது. பேஜ் காலத்துக்குப் பின் வெளியேறும் துகள், தகவல் காக்கப்பட வேண்டுமானால், பழைய கதிர்வீச்சோடு பிணைந்திருக்க வேண்டும்; விளிம்பு சாதாரண வெற்றிடமாக இருக்க வேண்டுமானால் உள்ளே இருக்கும் இணையோடு பிணைந்திருக்க வேண்டும். இரண்டும் ஒருசேர முடியாது. உள் பிணைப்பை அறுத்தால் விளிம்பில் ஆற்றல் கொதித்து நெருப்புச் சுவராகிவிடும்.

இதற்கு வந்த பதில்களில் பெரும்பாலானவை ஒரே திசையில் போயின. உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் வெவ்வேறு கையிருப்பு என்று எண்ணியதே பிழை, உள் என்பது வெளியே இருப்பதன் இன்னொரு எழுத்துவடிவம் என்ற திசை அது.

ஹேடன், பிரெஸ்கில் இருவரும் 2007இலேயே இதற்கு வித்திட்டார்கள். பாதிக்கு மேல் வற்றிய ஒரு கருந்துளை இருக்கிறது. இதுவரை வந்த கதிர்வீச்சு முழுவதும் ஒருவர் கையில் இருக்கிறது. இப்போது ஒரு நாட்குறிப்பை உள்ளே எறிந்தால், அதில் எத்தனை க்யூபிட் (குவாண்டம் தகவலின் அலகு) தகவல் உண்டோ அதைவிடச் சற்றுக் கூடுதலான க்யூபிட்கள் வெளியே வந்ததும் நாட்குறிப்பை மீட்டுவிடலாம். தகவல் உள்ளே கலைந்து பரவப் பிடிக்கும் நேரம், சூரிய நிறைக் கருந்துளைக்குச் சில மில்லிநொடிதான். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டை இங்கே நினைத்துக்கொள்ளலாம். கையால் செய்த பூட்டுக்குள் இருக்கும் நெம்புத் தகடுகளின் அமைப்பு முழுவதும் சாவியின் பல்லில் பிரதியாக இருக்கிறது. சாவியைக் கையில் வைத்திருப்பவர் ஒரு கணக்கில் பூட்டின் உள்ளேயும் கை வைத்தவர். பழைய கதிர்வீச்சு அப்படி ஒரு சாவி. ஆனால் ஹார்லோவும் ஹேடனும் 2013இல் சுட்டியதுபோல், அந்தச் சாவியைக் கதிர்வீச்சிலிருந்து அராவி எடுக்கக் குவாண்டம் கணினிக்கே கருந்துளையின் ஆயுளைவிட நீண்ட காலம் ஆகலாம்.

கிரியாகோஸ் பாபாடோடிமாஸும் சுவ்ரத் ராஜுவும் 2012 முதல் எழுதிய கட்டுரைகளில், உள்ளே இருக்கும் துகள்களைக் குறிக்கும் கணிதக் கருவிகளை வெளியிலுள்ள கருவிகளைக் கொண்டே கட்டிக் காட்டினார்கள். நெருப்புச் சுவர் தேவைப்படவில்லை. கொடுத்த விலை: அந்தக் கருவிகள் கருந்துளை எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். சாதாரணக் குவாண்டம் கொள்கையில் அளவுகோல் அளக்கப்படும் பொருளைப் பொறுத்து மாறக் கூடாது; அதனால் விமர்சனம் கடுமையாக வந்தது. ஆனால் அல்மெய்ரி, டாங், ஹார்லோ ஆகியோர் 2014இல், ஈர்ப்புள்ள வெளியை அதன் எல்லையிலுள்ள ஈர்ப்பில்லாக் கொள்கையோடு இணைக்கும் மால்டசீனாவின் 1997ஆம் ஆண்டு ஒத்திசைவில் வெளியின் உட்பகுதி அதன் எல்லையில் எழுதப்பட்டிருக்கும் விதம் ஒரு பிழைதிருத்தக் குறியீட்டைப்போல் இருக்கிறது என்று காட்டிய பின், இந்த நிலைச்சார்பு முன்போல் விநோதமாகத் தோன்றவில்லை. குறியீட்டில் ஒரு செய்தியை எந்தத் துண்டிலிருந்து மீட்பது என்பது எந்தத் துண்டுகள் தொலைந்தன என்பதைப் பொறுத்ததுதானே.

பேஜ் வரைகோட்டின் இறங்குமுகம் 2019இல் கணக்கில் வந்தது. அதற்குக் கருவியான பரப்பு-என்ட்ரோபிச் சூத்திரத்தை 2006இல் ரியூ, தகயனாகி இருவரும் தொடங்கிவைத்தார்கள். காலத்தோடு மாறும் வெளிக்கு அதை 2007இல் விரித்த மூவரில் முகுந்த் ரங்கமணி ஒருவர். 2019 மே மாதத்தில் பெனிங்டன் தனியாகவும், அல்மெய்ரி, எங்கெல்ஹார்ட், மரோல்ஃப், மேக்ஸ்ஃபீல்ட் சேர்ந்தும் கண்டது இது: பேஜ் காலத்துக்குப் பின் கதிர்வீச்சின் என்ட்ரோபியைக் கணக்கிடும்போது கருந்துளைக்குள் இருக்கும் ஒரு பகுதியையும் கதிர்வீச்சின் பங்காகச் சேர்க்க வேண்டும். அப்பகுதிக்குத் ‘தீவு’ என்று பெயர் வந்தது. ரகு மகாஜன் பங்கேற்ற ஆகஸ்ட் 2019 கட்டுரையில் இந்தப் படம் தெளிவானது. தீவைச் சேர்த்தால் இணைகள் இரண்டும் ஒரே பக்கத்தில் விழுகின்றன, என்ட்ரோபி இறங்குகிறது. ஹாக்கிங்கின் கணக்கில் இருந்த துகள்கள் மாறவில்லை, எவை யாருடையவை என்ற பட்டா மட்டும் மாறியது என்று சொன்னால் பொருந்தும்.

இந்த வெற்றியை அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். தீவுக் கணக்கு என்ட்ரோபி என்ற ஒற்றை எண்ணைத் தருகிறது. கதிர்வீச்சின் முழு நிலையைத் தரவில்லை. நாட்குறிப்பில் என்ன எழுதியிருந்தது என்று படித்துக் காட்டவும் இல்லை. எளிய வடிவங்களில் அது ஒரு கொள்கையின் விடையா, பல கொள்கைகளின் சராசரியா என்ற ஐயமும் உண்டு.  சுபிர் சச்தேவும் யேயும் 1993இல் காந்தங்களுக்காக எழுதி, 2015இல் கிட்டயேவ் கருந்துளைக்குப் பொருத்திய மாதிரி, அந்தச் சராசரிக்கு நல்ல எடுத்துக்காட்டு.

ஆழமான மறுப்பு இந்தியாவிலிருந்தே வந்தது. பெங்களூரின் பன்னாட்டுக் கோட்பாட்டு அறிவியல் மையத்தில் இருக்கும் சுவ்ரத் ராஜு, சென்னைக்கு அருகே சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகத்தின் அலோக் லட்டா ஆகியோர் சித்தார்த் பிரபு, புஷ்கல் ஸ்ரீவஸ்தவா ஆகியோரோடு சேர்ந்து 2020இல் வெளியிட்ட கட்டுரையின் கூற்று, குவாண்டம் ஈர்ப்பில் தகவல் எந்தக் காலத்திலும் வெளியிலேயே இருக்கிறது என்பது. மூட்டையைப் பிரிக்காமல் தராசில் வைத்து எடை சொல்வதுபோல், கருந்துளையின் நிறையை நெடுந்தொலைவில் நின்றே அளக்கலாம். ஈர்ப்பை மறைக்கும் திரை கிடையாது. சாதாரண இயற்பியலில் இப்படி நிறை போன்ற ஓரிரு எண்கள்தாம் கிடைக்கும். குவாண்டம் ஈர்ப்பில், மிக நுட்பமாக அளந்தால், உள்ளே இருப்பதன் முழு நிலையும் கிடைக்கும் என்கிறது அவர்களுடைய வாதம். அப்படியானால் உள், வெளி என்று அமைப்பை இரண்டாகப் பிரிக்கும் முதல் படியே ஈர்ப்பில் செல்லாது. மாத்தூரின் தேற்றமும் நால்வரின் நெருப்புச் சுவரும் அந்தப் படியில்தான் நிற்கின்றன. பேஜ் வரைகோடும் அப்படியே. ஈர்ப்பில்லாத ஒரு தொட்டியில் கதிர்வீச்சை வடித்துச் சேர்க்கும் செயற்கை அமைப்புகளில் மட்டும் அது பொருள்படும். 2021இல் ராஜு, கார்ச், ராண்டால் உள்ளிட்ட எழுவர், அத்தகைய அமைப்புகளில் ஈர்ப்புத் துகளுக்கே நிறை வந்துவிடுகிறது, நம் உலகத்தின் நெடுந்தொலைவு ஈர்ப்பில் தீவுகள் முரண்படும் என்றார்கள். தீவுக்காரர்கள் இதை ஏற்கவில்லை. விவாதம் முடிந்தபாடில்லை என்றாலும், நாற்பதாண்டுக் குழப்பத்தில் கேள்வியை அதன் அடித்தளத்தில் தொட்டது இந்த வாதம்தான் என்று சொல்லலாம்.

ஆய்வகம் இங்கே பெரிதாக உதவ முடியாது. வானத்திலுள்ள கருந்துளைகள் 2.7 கெல்வின் பின்னணிக் கதிர்வீச்சைவிடக் குளிர்ந்தவை. அவை இன்னும் வற்றத் தொடங்கவே இல்லை. 2016இல் இஸ்ரேலின் டெக்னியானில் ஜெஃப் ஸ்டைன்ஹாவர் குளிர்ந்த அணுத்திரவத்தில் ஒலிக்கு ஒரு நிகழ்வெல்லை செய்து, இணைகளின் பிணைப்பைக் கண்டதாக அறிவித்தார். 2022 நவம்பரில் கூகுளின் குவாண்டம் கணினியில் 9 க்யூபிட்களில் புழுத்துளை ஒன்றின் நடத்தையைக் கண்டதாக வந்த கட்டுரை பெரும் பரபரப்பாகி, அந்தச் சிறிய மாதிரி உண்மையிலேயே ஈர்ப்பைக் காட்டுகிறதா என்ற மறுப்பையும் சந்தித்தது.

கோட்பாட்டில் மற்றொரு நகர்வு, ஷ்ரேயா வர்தன் உள்ளிட்ட ஐவர் 2022இல் முன்வைத்த குறியீடு. உள்ளே இருக்கக்கூடிய நிலைகள் எல்லையில் எழுத இருக்கும் இடத்தைவிட மிக அதிகம். ஆகவே சில நிலைகள் எழுத்தில் காணாமல் போகும். காணாமல் போவதைக் கண்டுபிடிக்கும் அளவுக்குச் சிக்கலான கணக்கை உள்ளே விழுபவரால் போட முடியாது என்பதால் அவருக்கு எல்லாம் சாதாரணமாகவே தெரியும் என்கிறார்கள்.

இந்தக் கணக்குகள் எல்லாமே எல்லையை ஒட்டிய உட்பகுதியைப் பற்றியவை. மையத்தை அவை தொடவில்லை. நம் பால்வீதியின் நடுவே இருக்கும், 40 லட்சத்துக்கும் மேற்பட்ட சூரியன்களின் நிறை கொண்ட கருந்துளையில் விழுபவருக்கு, எல்லையிலிருந்து மையம்வரை அதிகபட்சம் ஏறக்குறைய ஒரு நிமிடம். அதன் முதல் சில நொடிகளைப் பற்றித்தான் இதுவரை வாதம் நடக்கிறது. ராய்சவுத்ரியின் சமன்பாடு கடைசி நொடியில் எல்லாம் குவியும் என்கிறது. அங்கே என்ன நிற்கிறது என்பதற்குக் குவாண்டம் தகவலியலில் இன்னும் ஒரு வாய்பாடு இல்லை.